‘கொஞ்சம் மெதுவு’ என்றால் எத்தனை விநாடி?

“லைன் ரொம்ப ஸ்லோவா இருக்கு.” ஒரு நாளில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்கிறோம்! வீட்டில், விடுதியில், நூலகத்தில், விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் என எங்கும் ஒலிக்கிறது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொருள் உடனே விளங்கிவிடும். “எத்தனை விநாடி?” என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இதையே ஒரு கணினிக்குச் சொல்லிப் பாருங்கள். அது முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். இரண்டு விநாடியா? ஐந்தா? இரண்டுக்கு மேல் என்றால் மெதுவு என வைத்துக்கொண்டால், 1.99 விநாடி வேகம், 2.01 விநாடி மெதுவு என்று ஆகிவிடுமே! மனிதர் எவரும் அப்படி உணர்வதில்லை.

நம் மொழியில் தூறல் உண்டு, சாரல் உண்டு, மழை உண்டு, அடைமழை உண்டு. எந்தத் துளியோடு தூறல் முடிந்து மழை தொடங்குகிறது என்று எந்த இலக்கண ஆசிரியரும் வகுத்துத் தரவில்லை. ஆயினும் ‘தூறல்தான், வா போகலாம்’ என்று அம்மா சொன்னால் குடை வேண்டாம் எனப் புரிந்துகொள்கிறோம். எல்லைக் கோடு இல்லாத இத்தகைய சொற்களைக் கொண்டு கணினியைக் கணக்குப் போட வைக்க முடியுமா? முடியும் என்கிறது ‘மென்கணிமை’ எனும் துறை. இணையச் சேவைகளின் தரத்தை அளப்பதில் அது எப்படிப் பயன்படுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். கணினித் துறை சாராத நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

இணையச் சேவை என்பது என்ன?

நாம் கண்ணால் பார்ப்பது வலைத்தளம். கணினி மற்றொரு கணினியிடம் கேட்டு வாங்குவது இணையச் சேவை. கடையில் கியூஆர் குறியீட்டைத் திறன்பேசியால் வருடிப் பணம் செலுத்தும்போது நமக்குத் தெரிவது ஒரு பச்சை நிறச் சரி அடையாளம் மட்டுமே. அதற்குப் பின்னால் நம் செயலி நம் வங்கியின் கணினியைக் கேட்கிறது. வங்கி, நடுவில் உள்ள கட்டண வலையமைப்பைக் கேட்கிறது. நம் நாட்டில் 2019 முதல் புழக்கத்தில் உள்ள பொதுக் குறியீடான டுயிட்நவ் கியூஆர் என்றால், அந்த நடுப்பகுதியைப் பேநெட் நிறுவனம் நடத்துகிறது. அது கடைக்காரரின் வங்கியைக் கேட்கிறது. பிறகு கடைக்காரரின் கைப்பேசிக்கு அறிவிப்பு போகிறது. ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. எல்லாம் சேர்ந்தால்தான் சங்கிலி.

இந்தச் சங்கிலியில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஐந்து கண்ணிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாக வேலை செய்கிறது. நல்ல மதிப்பெண்தானே? ஆனால் ஐந்தும் ஒருங்கே வேலை செய்யும் வாய்ப்பு 0.99-ஐ ஐந்து முறை பெருக்கினால் கிடைக்கும் 0.951. அதாவது நூறு பேர் பணம் செலுத்தினால் ஏறக்குறைய ஐந்து பேருக்குத் தடங்கல். எல்லாக் கண்ணிகளும் ‘ஏ’ வாங்கியிருக்க, சங்கிலி மட்டும் ஒரு படி இறங்கி நிற்கிறது.

2000-ஆம் ஆண்டு வாக்கில் இத்துறையில் பெரிய கனவு ஒன்று இருந்தது. உலகில் உள்ள இணையச் சேவைகள் எல்லாம் ஒரு பொதுப் பெயரேட்டில் பதிவாகும்; நம் மென்பொருள் அந்த ஏட்டைப் புரட்டி, தனக்கு ஏற்ற சிறந்த சேவையைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்றார்கள். யுடிடிஐ என்பது அந்த ஏட்டின் பெயர். ஐபிஎம், மைக்ரோசாப்ட், எஸ்ஏபி ஆகிய நிறுவனங்கள் நடத்திய பொதுப் பதிவேடு 2006 ஜனவரியில் மூடப்பட்டது. ஏடு போனாலும் கேள்வி போகவில்லை. ஒரே வேலையைச் செய்யும் பத்துச் சேவைகள் இருந்தால் எது சிறந்தது? ‘சிறந்தது’ என்பதை யார், எதை வைத்து அளப்பது?

சராசரி எனும் மாயம்

வழக்கமாக அளப்பவை சில. மறுமொழி நேரம், அதாவது கேட்டதற்கும் பதில் வந்ததற்கும் இடைப்பட்ட நேரம். கிடைக்கும் தன்மை, அதாவது கேட்கும்போது சேவை உயிரோடு இருக்கிறதா என்பது. ஒரு விநாடிக்கு எத்தனை கோரிக்கைகளைத் தாங்கும் என்பது. வந்த பதில் பிழையில்லாததா என்பது. இவற்றை அளந்து, சராசரி எடுத்து, விளம்பரத்தில் போட்டுவிடுகிறார்கள்.

சராசரியை நான் ஆறாம் ஆண்டு முடிவதற்குள்ளாகவே தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே படித்துவிட்டேன். கூட்டி, எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது பாருங்கள். பத்து முறை ஒரு சேவையைக் கேட்கிறோம். ஒன்பது முறை அரை விநாடியில் பதில். ஒரு முறை முப்பது விநாடி. சராசரி 3.45 விநாடி. இந்த 3.45 விநாடியை அனுபவித்தவர் யார்? ஒருவரும் இல்லை! ஒன்பது பேருக்கு அது பொய். பத்தாவது ஆளுக்கு அது பெரும் பொய்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். அந்தப் பழமொழி உண்மையாவது பானை முழுதும் ஒரே சூட்டில் வெந்திருந்தால்தான். இணையச் சேவை அப்படிப்பட்ட பானையன்று. ஒரு பக்கம் வெந்தும் மறு பக்கம் வேகாமலும் இருக்கும் பானை. காலை மூன்று மணிக்கு எடுத்த சோறும் இரவு எட்டு மணிக்கு எடுத்த சோறும் ஒரே பதமாக இரா. கோலாலம்பூரில் எடுத்த சோறும் சிம்பாங் அம்பாட்டில் எடுத்த சோறும் அப்படியே.

‘99.9 விழுக்காடு கிடைக்கும்’ என்ற வாக்குறுதியையும் விரித்துப் பார்ப்போம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1 விழுக்காடு என்றால் ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேரம். ஆண்டு முழுதும் எட்டே முக்கால் மணி நேரம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த நேரம் முழுவதும் பாடப் பதிவு நாளன்று காலை எட்டு மணிக்குத் தொடங்கினால்? உபகாரச் சம்பள விண்ணப்பத்தின் கடைசி நாளாக அது அமைந்தால்? வாக்குறுதி காப்பாற்றப்பட்டிருக்கும், விண்ணப்பித்தவருக்கு ஓர் ஆண்டு போயிருக்கும். பல்கலைக்கழகத்தில் முதலாண்டைக் கடந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை என நினைக்கிறேன். எல்லாரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும் நாளில்தான் கதவு இறுகுகிறது. பயனீட்டாளருக்கு வேண்டியது ஆண்டுச் சராசரி அன்று. தான் தட்டும் அந்த நேரத்தின் நிலை.

மூன்று வகை ஐயம்

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஐயம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று வகை கலந்துள்ளன.

‘நாளை மழை வரலாம்’ என்பது ஒரு வகை. வருமா, வராதா என்பது நாளை தெரிந்துவிடும். இது நிகழ்தகவின் ஆட்சி. (இடைநிலைப்பள்ளியில் இதைக் ‘கெபாராங்காலியான்’ என்றுதான் படித்தேன், தமிழ்ச் சொல்லைப் பிறகு நானே தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.) ‘இது மழையா, தூறலா?’ என்பது இரண்டாவது வகை. துளிகள் கண்முன்னே விழுந்துகொண்டிருக்கின்றன, தகவலில் குறையில்லை. எந்தச் சொல் பொருந்தும் என்பதில்தான் மங்கல். ‘பக்கத்துத் தாமானில் மழையா என்று தெரியவில்லை, அங்கே ஆள் இல்லை’ என்பது மூன்றாவது. இது தகவல் பற்றாக்குறை.

இணையச் சேவையின் தரத்தில் மூன்றும் உண்டு. அடுத்த கோரிக்கைக்கு எவ்வளவு நேரமாகும் என்பது முதல் வகை. 2.5 விநாடியை வேகம் என்பதா, நடுத்தரம் என்பதா என்பது இரண்டாம் வகை. இதுவரை நான் பயன்படுத்தாத சேவை என்னிடத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது மூன்றாம் வகை. மூன்றையும் ஒரே கருவியால் கையாள முயல்வதுதான் பல குழப்பங்களுக்குக் காரணம் என்பது என் கருத்து.

சோற்றுப்பானையில் ஒரு தத்துவம்

இரண்டாம் வகைக்குக் கருவி தந்தவர் லோட்ஃபி சாதே. 1921-இல் பாக்கு நகரில் பிறந்து, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 2017-இல் மறைந்தார். 1965-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படைக் கருத்து மிக எளிது. ஒரு பொருள் ஒரு கூட்டத்தில் உண்டு அல்லது இல்லை என்பது பழைய முறை. ‘எந்த அளவுக்கு உண்டு’ என்று 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணால் சொல்வது சாதேயின் முறை. ஃபஸி லாஜிக் எனப்படும் இதை இங்கே ‘மங்கல் ஏரணம்’ என்கிறேன். பெயர்தான் மங்கல், கணக்கில் மங்கல் ஏதும் இல்லை.

தான்சானியாவில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய இப்ராகிம் மம்தானி, 1970-களின் நடுப்பகுதியில் தம் மாணவரோடு சேர்ந்து ஒரு சிறிய நீராவி எந்திரத்தை இம்முறையில் இயக்கிக் காட்டினார். ‘அழுத்தம் கொஞ்சம் குறைவு என்றால் வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டு’ என்பது போன்ற விதிகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன. 1987-இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க இரயில் இதைக் கொண்டு ஓடத் தொடங்கியது. பின்னர்ச் சலவை இயந்திரத்துக்கும் சோறு வடிக்கும் மின்பானைக்கும் வந்து சேர்ந்தது. சில ஜப்பானியப் பானைகளின் மேல் ‘நியூரோ ஃபஸி’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். நம் வீட்டுச் சமையலறை வரை வந்துவிட்ட தத்துவம் இது!

1990-களின் தொடக்கத்தில் சாதே ‘மென்கணிமை’ என்ற பெயரின் கீழ் மங்கல் ஏரணம், நரம்பு வலையமைப்பு, மரபணு நிரல்முறை முதலியவற்றை ஒரு குடும்பமாக்கினார். துல்லியம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. கிடைக்கும் அரைகுறைத் தகவலைக் கொண்டு பயன்படும் முடிவுக்கு வர வேண்டும் என்பதே இக்குடும்பத்தின் பொதுக் குணம்.

அத்தையின் விதிகள்

இந்தக் குணம் ஏட்டில் மட்டும் இருப்பதன்று. என் அத்தை சிம்பாங் அம்பாட் இரவுச் சந்தையில் வடையும் முறுக்கும் விற்கிறார். வார இறுதியில் நான் கைகொடுக்கப் போவதுண்டு. இரவு எட்டு மணி வாக்கில் சந்தையில் கூட்டம் நெரியும். அத்தனை கைப்பேசிகளும் ஒரே கோபுரத்தைப் பிடித்து இழுக்கும் நேரம். வாடிக்கையாளர் பணம் செலுத்தி, பச்சைச் சரி அடையாளத்தைக் காட்டுவார். அத்தையின் கைப்பேசிக்கோ அறிவிப்பு வந்திருக்காது. பணம் வந்துகொண்டிருக்கிறதா, வழியில் நின்றுவிட்டதா, அல்லது காட்டப்படுவது பழைய படமா? எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறது, வரிசை நீள்கிறது, பத்து விநாடிக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

“காசு ஏறிச்சா பாருடா” என்பார். “இன்னும் இல்ல அத்தை” என்பேன். “சரி, அந்த ஆளு எப்பவும் வர்றவருதான். அஞ்சு வெள்ளிதானே, குடுத்துடு.” அதே இரவில் முகம் தெரியாத ஒருவர் நாற்பது வெள்ளிக்கு வாங்கினால், “கொஞ்சம் நில்லுங்கய்யா, மெசேஜ் வரட்டும்” என்பார். சுற்றியுள்ள கடைகளுக்கும் அப்போது அறிவிப்பு வரவில்லை என்று தெரிந்தால், லைனில்தான் கோளாறு என்று முடிவு செய்து விட்டுக்கொடுப்பார்.

கவனியுங்கள்: தெரிந்த முகம், சிறிய தொகை, பொதுவான தாமதம். இவற்றில் எதற்கும் கறாரான எல்லை இல்லை. ஆனால் மூன்றும் சேர்ந்து ஒரு முடிவைத் தருகின்றன. இவை மம்தானியின் எந்திர விதிகளைப் போன்ற மங்கல் விதிகளே. அத்தைக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மென்பொருள் அத்தையைப் போல் முடிவெடுக்க வேண்டுமானால் அதற்குப் பெயரும் கணக்கும் தேவை.

சரி, ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு சேவையின் மறுமொழி நேரம் 2.5 விநாடி, கிடைக்கும் தன்மை 98 விழுக்காடு. ஒரு விநாடி வரை முழு ‘வேகம்’, மூன்று விநாடியில் வேகம் சுழியம் என்று ஒரு சாய்கோடு வரைகிறோம். 2.5 விநாடி அந்தக் கோட்டில் 0.25 வேகம். மீதி 0.75 ‘நடுத்தரம்’. அதுபோல 95 விழுக்காட்டில் ‘நம்பகம்’ சுழியம், 99-இல் முழுமை என்று வைத்தால், 98 என்பது 0.75 நம்பகம், 0.25 நம்பகமின்மை.

இப்போது மூன்று விதிகள். வேகமும் நம்பகமும் இருந்தால் ‘நன்று’, அதற்கு 90 மதிப்பெண். நடுத்தரமும் நம்பகமும் என்றால் ‘பரவாயில்லை’, 60. நம்பகம் இல்லையென்றால் ‘மோசம்’, 20. ஒரு விதியில் இரண்டு நிபந்தனைகள் இருந்தால் எது சிறியதோ அதுவே அந்த விதியின் பலம். ஆக முதல் விதிக்குப் பலம் 0.25, இரண்டாவதற்கு 0.75, மூன்றாவதற்கு 0.25. மதிப்பெண்களை அந்தந்தப் பலத்தால் பெருக்கிக் கூட்டினால் 22.5, 45, 5, மொத்தம் 72.5. பலங்களின் கூட்டுத்தொகையான 1.25-ஆல் வகுத்தால் 58.

58 என்ற எண்ணைவிட அது நடந்துகொள்ளும் விதம் முக்கியம். மறுமொழி நேரம் 2.4 விநாடியாகக் குறைந்தால் மதிப்பெண் 59.2 ஆகிறது. சிறிய மாற்றத்துக்குச் சிறிய விளைவு. கோட்டுக்கு இந்தப் பக்கம் தேர்ச்சி, அந்தப் பக்கம் தோல்வி என்ற குதியாட்டம் இல்லை. அதோடு, ஏன் 58 என்று கேட்டால் காரணத்தைச் சொல்லவும் முடியும்: ‘பரவாயில்லை’ என்ற விதி வலுவாகப் பேசியது, ‘மோசம்’ என்ற விதி பின்னால் இழுத்தது. மாணவராகிய நமக்கு மதிப்பெண் மட்டும் வந்து விளக்கம் வராத வேதனை தெரியும் அல்லவா?

கறாரான கோடு வேண்டிய இடம்

எல்லா இடத்திலும் மங்கல் நல்லது என்று சொல்ல வரவில்லை. பேங்க் நெகாரா மலேசியா 2019-இல் வெளியிட்டு 2020 ஜனவரி 1 முதல் நடப்புக்குக் கொண்டுவந்த தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கை ஆவணம், நிதி நிறுவனங்களின் முக்கியக் கணினி அமைப்புகளுக்கு இரண்டு கோடுகளைக் கிழித்தது. வாடிக்கையாளரைப் பாதிக்கும் எதிர்பாராத தடை, தொடர்ந்த பன்னிரண்டு மாதங்களில் மொத்தம் நான்கு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒரு தடவைக்கு 120 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. நான்கு மணி நேரம் என்பது ஏறக்குறைய 99.95 விழுக்காடு கிடைக்கும் தன்மைக்குச் சமம். இங்கே ‘கொஞ்சம் தாமதம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. விதியில் மங்கல் இருந்தால் வழுக்கிச் செல்பவர் வலியவரே. சட்டத்துக்குக் கறாரான கோடு வேண்டும். பத்துச் சேவைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்குச் சாய்கோடு வேண்டும். இரண்டையும் மாற்றி வைத்தால்தான் ஆபத்து.

யாருடைய அளவு?

இனி மூன்றாம் வகை ஐயத்துக்கு வருவோம். எனக்கு இதுவே மிக முக்கியமாகப் படுகிறது.

இணையச் சேவைத் தர ஆய்வுகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் தரவுத் தொகுப்புகள் இரண்டு. ஒன்று, கனடாவில் தொகுக்கப்பட்ட கியூடபிள்யூஎஸ்; 2,507 சேவைகளின் அளவுகள் கொண்டது. மற்றொன்று, ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் உருவான டபிள்யூஎஸ்-டிரீம். 339 பயனீட்டாளர்கள் 5,825 சேவைகளைக் கேட்டுப் பெற்ற அளவுகள், மொத்தம் 19 இலட்சத்து 74 ஆயிரத்து 675. ஒரே சேவை ஒருவருக்கு வேகமாகவும் மற்றொருவருக்கு ஆமையாகவும் இருப்பதை இந்த இரண்டாவது தொகுப்பில் தெளிவாகக் காணலாம். உன்னைப் போன்ற பிறருக்கு எப்படி இருந்ததோ அதைக் கொண்டு உனக்கு எப்படி இருக்கும் என்று கணிப்பதே இதில் நடக்கும் ஆய்வு. ‘இவருக்குப் பிடித்த படம் உங்களுக்கும் பிடிக்கலாம்’ என்று பரிந்துரைக்கும் முறையின் உறவுக்காரன் இது.

ஆனால் அந்த 339 பயனீட்டாளர்கள் யார்? மனிதர்கள் அல்லர். பிளானட்லேப் எனும் ஆய்வு வலையமைப்பின் கணினிகள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்தவை. நல்ல கம்பி இணைப்புக் கொண்டவை. இரவுச் சந்தையின் நெரிசலில் ஒற்றைக் கோட்டு அலைவரிசையோடு நிற்கும் அத்தையின் கைப்பேசி அந்தப் பட்டியலில் இல்லை. தோட்டத்துப் பாட்டாளியின் பழைய கைப்பேசியும் இல்லை. ‘உன்னைப் போன்ற பிறர்’ என்று கணினி தேடும்போது, நம்மைப் போன்றவர் ஒருவரும் பட்டியலில் இல்லையென்றால் அது யாரையோ நமக்கு உறவாக்கிவிடும். கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

இடம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சான்று. 2006 டிசம்பர் 26-இல் தைவான் அருகே நிலநடுக்கம் ஏற்பட்டுக் கடலடிக் கம்பிவடங்கள் பல அறுந்தன. மலேசியா உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் இணையம் பல நாள் தடுமாறியது. முன்னாள் மாணவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். சேவையை வழங்கிய கணினிகளில் கோளாறு ஏதும் இல்லை. கோளாறு வழியில். தரம் என்பது சேவையின் குணம் மட்டுமன்று. சேவைக்கும் கேட்பவருக்கும் இடைப்பட்ட தூரத்தின் குணமும்கூட.

அதற்காக மென்கணிமையைத் தூக்கி எறியத் தேவையில்லை. அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டால் போதும். மேலே போட்ட கணக்கில் ஒரு விநாடி, மூன்று விநாடி, 95, 99, 90, 60, 20 என்ற எண்களை எல்லாம் நானேதான் வைத்தேன். வேறொருவர் வேறு எண் வைத்தால் 58 என்ற விடை மாறும். ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் இந்த வளைகோடுகளை வரைந்தவர் யார், எதை வைத்து வரைந்தார் என்ற விளக்கம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இக்குறையைச் சாதேயே உணர்ந்திருந்தார். 1975-இல் அவர் முன்வைத்த இரண்டாம் வகை மங்கல் கணத்தில், கோடு ஒற்றைக் கோடாக இல்லாமல் பட்டையாக இருக்கும். ஆளுக்கு ஆள் சொல்லின் பொருள் மாறுவதற்கு அந்தப் பட்டைக்குள் இடமுண்டு. 1993-இல் ஜாங் என்பவர் உருவாக்கிய அன்ஃபிஸ் முறையில், நரம்பு வலையமைப்பு தரவைப் பார்த்துத் தானே கோட்டைத் திருத்திக்கொள்கிறது. தகவல் குறைவான இடத்துக்குப் போலந்து நாட்டுப் பவ்லாக் 1982-இல் தந்த ‘கரட்டுக் கணம்’ உண்டு: உறுதியாக நல்லவை ஒரு பக்கம், உறுதியாக அல்லாதவை மறு பக்கம், இரண்டும் கெட்டான் நடுவில் என்று பிரித்து, நடுவில் உள்ளதை நடுவில் உள்ளது என்றே ஒப்புக்கொள்ளும் முறை. அந்த ஒப்புதல் எனக்குப் பிடித்திருக்கிறது.

நிகழ்தகவு மட்டுமே போதும், மங்கல் ஏரணம் வேண்டாத வேலை என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். உண்மையில் பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் அன்றாடம் பார்ப்பது மங்கல் மதிப்பெண்ணை அன்று. கோரிக்கைகளை வேக வரிசையில் நிறுத்தி, நூற்றில் தொண்ணூற்றொன்பதாவது ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கிறார்கள். வரிசையின் வாலைப் பார்ப்பது என்று சொல்லலாம். 2013-இல் கூகள் நிறுவனத்தின் டீனும் பரோசோவும் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு கணினி நூற்றில் ஒரு முறை மட்டுமே ஒரு விநாடிக்கு மேல் தாமதிக்கிறது. ஆனால் ஒரு பக்கத்தைக் காட்ட அத்தகைய நூறு கணினிகளின் பதிலும் தேவை. அப்படியானால் பயனீட்டாளர்களுள் 63 விழுக்காட்டினர் ஒரு விநாடிக்கு மேல் காத்திருப்பர்! ஒரு கண்ணியில் அரிதாக நிகழும் தாமதம் சங்கிலியில் அன்றாடமாகிவிடுகிறது. இந்தப் பார்வைக்கும் மங்கல் ஏரணத்துக்கும் பகை என்று நான் நினைக்கவில்லை. வாலை அளந்து எடுத்த எண்ணை ‘தாங்கலாம்’, ‘தாங்க முடியாது’ என்று மனிதச் சொல்லாக்கும் கட்டத்தில்தான் சாதே தேவைப்படுகிறார்.

அந்தச் சொற்களை யாரிடம் கேட்பது என்பதே இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடும் இளையவர்களுக்கு நான் காட்ட விரும்பும் இடம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு திறன்பேசியில் சிறு நிரல் எழுதி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பொதுச் சேவையைக் கேட்டு, ஆன நேரத்தைக் குறித்துவைக்கலாம். நிரல் அடிக்கடி கேட்டுச் சேவைக்குத் தொல்லை தரக்கூடாது. வளாகத்தில் ஒரு கைப்பேசி, சிம்பாங் அம்பாட்டில் ஒன்று, பத்து காவானில் ஒன்று என வைத்தால், பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாநிலத்துக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். இரவு எட்டு மணி அளவுகளைத் தனியே எடுத்து வையுங்கள்; பகல் அளவுகளோடு கலந்து சராசரி எடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது வேலை இன்னும் சுவையானது. சேவையின் பதிலைச் செயற்கையாக ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு விநாடி தாமதப்படுத்தும் ஒரு சிறு செயலியைச் செய்து, மாணவர், கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தொழிற்சாலைப் பணியாளர் எனப் பலதரப்பட்டவர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அவர் வாயில் வரும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ‘ஓகே’, ‘பரவால்ல’, ‘கொஞ்சம் லேட்டு’, ‘என்ன இது, நின்னுபோச்சா?’ எத்தனை பேர் எந்த விநாடியில் எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்று எண்ணினால், ஆய்வாளர் தம் மேசையில் இருந்தபடி வரையும் சாய்கோட்டுக்குப் பதிலாக, கேட்டு எடுத்த கோடு கிடைக்கும். தமிழில் கேட்பதும் மலாயில் கேட்பதும் ஒரே கோட்டைத் தருமா என்பது தனிக் கேள்வி. இரண்டிலும் கேட்டுப் பாருங்கள். எட்டாவது விநாடியில் அத்தை சொல்லும் சொல்லை மட்டும் அறிக்கையில் சற்றுத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.